பேர் வெளியே வராது

புதிதாக ஸ்டேஷனுக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உங்களுக்கு உதவுகிற மாதிரி என் சர்வீஸில் நடந்தது ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் இன்ஸ்பெக்டர் கேட்டார். கான்ஸ்டபிளாகச் சேர்ந்து எஸ்.எஸ்.ஐ.யாக ரிட்டயர் ஆகி வீட்டுக்குப் போனவள் நான். திருடனைப் பிடித்த கதை வரும் என்று அவர் நினைத்திருப்பார். அந்தக் கதைகளைக் கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. பாதி நான் கூட்டிச் சொன்னவை. இப்போது எழுதப்போவதை என் வீட்டுக்காரரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. மூன்று நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன்.

அந்தப் பெண்ணின் பெயரை எழுத மாட்டேன். ஊர்ப் பெயரும் வராது. ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் ஒரு ஊர், அவ்வளவுதான். ஏரிக்கரை பஸ் ஸ்டாப் என்று ஒன்று வரும். ரோட்டை அகலமாக்கியபோது அதை எடுத்துவிட்டார்கள், அதனால் சொல்கிறேன். இந்தக் கிழவிக்கு ஏன் இவ்வளவு ஜாக்கிரதை என்று நினைப்பீர்கள். எனக்கு அது காலம் கடந்து வந்த புத்தி.

அப்போது எங்கள் எல்லையில் மூன்று தொல்லைகள். பம்புசெட்டில் காப்பர் ஒயர் அறுப்பது ஒன்று. கம்பெனிப் பிள்ளைகள் தங்கியிருக்கும் ரூம்களில் செல்போன் திருடுவது ஒன்று. ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போகும் பெண்களைப் பின்தொடர்வது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் புகார் கொடுக்க ஆள் வருவார்கள். மூன்றாவதற்கு ஒரு ஈ காக்கை வராது.

ஊருக்கு ஊர் ஒரு பாதுகாப்புக் குழு வைத்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் போடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. நான்கு ஊர் என் பொறுப்பு. இந்த ஊரில் குழுத் தலைவர் ஒரு முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர். கசங்காத வெள்ளை வேட்டி, கனிவான பேச்சு. கூட்டம் நடக்கும் கல்யாண மண்டபம் அவருடையது, டீயும் வடையும் அவர் செலவு. குழுவில் இருந்த மற்றவர்களும் அவரைப் போலத்தான். பயிர் வைத்த நிலத்தில் லைன் வீடு கட்டிக் கம்பெனிப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டவர்கள். அவர்களைத்தான் நான் ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த லைன் வீடுகளில் குடியிருந்த ஒருத்தர்கூடக் குழுவில் இல்லை. அது என் கண்ணில் படவேயில்லை.

படாததற்குக் காரணமும் உண்டு. ஒரு தடவை குழுவில் ஒருவர், சந்தேகமாகச் சுற்றிய மினி வேனின் நம்பரை எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். நெடுஞ்சாலையில் மடக்கினோம். உள்ளே மூட்டை மூட்டையாகக் காப்பர் ஒயர். டி.எஸ்.பி. நேரில் வந்து பாராட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டார். அதில் நான் நடுவில் நிற்கிறேன். அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வாடகைதாரர் ஃபாரம் ஒன்றை நான் தயார் செய்தேன். பெயர், சொந்த ஊர், எந்தக் கம்பெனி, எந்த ஷிஃப்ட். கடைசிக் கட்டம் அப்பா அம்மாவின் செல்போன் நம்பர். ஒரு பிரதி ஸ்டேஷனுக்கு, ஒரு பிரதி வீட்டுச் சொந்தக்காரருக்கு. கடைசிக் கட்டம் என் சொந்த யோசனை. அதற்கு முன்பு ஒரு பெண் ரோட்டைத் தாண்டும்போது லாரியில் அடிபட்டுக் கிடந்தாள். யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் அரை நாள் அலைந்தோம். இனி அப்படி ஆகக் கூடாது என்று நல்ல மனசோடுதான் போட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது புகார்ப் பெட்டி. மண்ணூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்து, பச்சைப் பெயின்ட் அடித்து, ஏரிக்கரை ஸ்டாப்பில் நானே நின்று மாட்டவைத்தேன். சாவி என்னிடம். வாராவாரம் திறப்பேன். உள்ளே மிக்சர் பொட்டலம், பழைய டிக்கெட், ஒரு தடவை யாரோ யாருக்கோ எழுதிய காதல் கடிதம். எங்கள் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்த ஏட்டையா, தினம் தினம் கேட்பார், "இன்னா மேடம், இன்னிக்கு உங்க பெட்டி முட்டை போட்டுச்சா?" என்று. என்னைவிட வயதில் பெரியவர், எஃப்.ஐ.ஆர். எழுதுவதில் புலி. எனக்குக் கோபம் வரும்.

ஒரு சாயங்காலம் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தேன். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண் போகாமல் நின்றாள். கழுத்தில் ஐ.டி. கார்டு, தோளில் டிபன் பை. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். நான்கு பெண்களோடு ஒரு லைன் வீட்டில் குடியிருக்கிறாள். மற்ற நால்வருக்கும் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் வேலை, வாரம் ஒரு ஷிஃப்ட் மாறும். இவளை மட்டும் குவாலிட்டி செக்‌ஷனுக்கு மாற்றியிருந்தார்கள், அதனால் எப்போதும் பகல் நேர ஜெனரல் ஷிஃப்ட். இதெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது. அவள் கேட்க வந்தது ஒன்றுதான்.

"எழுதிப் போட்டா பேரு வெளிய வராதுல்லா மேடம்?"

"வராது. நான் இருக்கேன்ல" என்றேன்.

அப்படியும் அவள் நகரவில்லை. தபாலில் டிகிரி படிப்பதாகவும் கடைசி வருடப் பரீட்சைக்கு இன்னும் நான்கு மாதம் இருப்பதாகவும் சொன்னாள். முறைமாமனுக்குக் கட்டிவைக்க வீட்டில் பேசி வைத்திருக்கிறார்கள். பரீட்சை எழுதும்வரை விடுங்கள் என்று அழுது கெஞ்சி வந்திருக்கிறாள். "இங்க ஒரு பேச்சு கெளம்பிச்சுன்னு தெரிஞ்சா எங்கப்பா அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருவாவ மேடம். பொறவு எல்லாம் முடிஞ்சிரும்." நான் அவள் தோளில் தட்டிக்கொடுத்தேன். அந்தத் தட்டலை நினைத்தால் இப்போதும் என் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை.

அடுத்த வாரம் பெட்டியில் கோடு போட்ட தாள் ஒன்று நான்காக மடித்துக் கிடந்தது. பெயர் இல்லை. சாயங்காலம் ஏரிக்கரையில் இறங்கி நடக்கும்போது பம்ப் ஹவுஸ் பக்கத்தில் ஒருவன் வண்டியோடு நிற்கிறான், கூடவே உருட்டிக்கொண்டு வருகிறான், செல்போனில் வீடியோ எடுக்கிறான், போன வியாழக்கிழமை துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். வண்டியின் நிறம் எழுதியிருந்தாள். நம்பரில் கடைசி இரண்டு இலக்கம் எழுதியிருந்தாள். பயந்து நடுங்குகிற பெண் நம்பரைப் பார்த்து வைத்திருக்கிறாள் பாருங்கள். போலீஸ் வேலையில் பாதியை அவளே முடித்துக் கொடுத்துவிட்டாள்.

மீதியை நான் செய்திருக்க வேண்டும். ரைட்டர் ஏட்டையா தாளைப் படித்துவிட்டு அன்று கிண்டல் செய்யவில்லை. "மேடம், நாளைக்கும் நாளான்னிக்கும் சாயங்காலம் சேல கட்டிகினு நீங்களே பஸ் ஸ்டாப்புல நில்லுங்க. கையோட தூக்கிகினு வந்துடலாம். இத்த கூட்டத்துக்கு மட்டும் எடுத்துகினு போவாதீங்க" என்றார். ஜனங்களிடம் மறைப்பதென்றால் அப்புறம் குழு எதற்கு என்று அவரிடம் வள்ளென்று விழுந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டார்.

குழுவின் மேல் உள்ள மரியாதையில் நான் அப்படிப் பேசவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு டி.எஸ்.பி. வருவதாக இருந்தது. பெட்டி வேலை செய்கிறது என்று அவர் முன்னால் காட்ட வேண்டும். மாதக்கணக்கில் மிக்சர் பொட்டலம் பொறுக்கியவளுக்கு முதல் மனு கிடைத்திருக்கிறது, இரண்டு நாள் பொறுக்க முடியவில்லை. இவ்வளவுதான் விஷயம். இதை இத்தனை வெளிப்படையாக எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடை ஏறி, "ஒரு பெண் தொழிலாளி எழுதியது" என்று மட்டும் சொல்லிப் படித்தேன். வண்டி நம்பரை விட்டுவிட்டேன், அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. துப்பட்டா என்று வந்த இடத்தில் குரலை இறக்கி நிறுத்திக்கூடப் படித்தேன். முன் வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். தலைவர் எழுந்தார். நம் ஊருக்குப் பிழைக்க வந்த பிள்ளை நம் வீட்டுப் பிள்ளை இல்லையா என்று உருக்கமாகப் பேசினார். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்ன டைரியை எடுத்தார்.

"மேடம், எந்த ஷிப்ட்டு பஸ்ஸுன்னு மட்டும் சொல்லுங்க. அந்த டயத்துக்கு நம்ம ஆளுங்கள நிக்க வெக்கறோம்."

டி.எஸ்.பி. என்னைப் பார்த்தார். நான் யோசிக்கவே இல்லை. "ஜெனரல் ஷிஃப்ட் பஸ்ஸுங்க. ஆறு மணிக்கு ஏரிக்கரைல நிக்கும்" என்றேன். தலைவர் எழுதிக்கொண்டார். கைதட்டினார்கள்.

தம்பி, தங்கை, இந்த ஒரகடம் பக்கத்து ஊர்களில் வீட்டுச் சொந்தக்காரர்கள் குடியிருப்பவர்களைப் பேரைச் சொல்லி அடையாளம் சொல்வதில்லை. ஏ ஷிஃப்ட் ரூம், பி ஷிஃப்ட் ரூம் என்பார்கள். தண்ணீர் மோட்டார் போடுவதே ஷிஃப்ட்டைப் பார்த்துத்தான். எந்தக் கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு எங்கே நிற்கும், யார் இறங்குவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஜெனரல் ஷிஃப்ட் பஸ்ஸிலிருந்து ஏரிக்கரை ஸ்டாப்பில் இறங்குவது ஒரே ஒரு பெண். மண்டபத்தில் அது தெரியாதவள் நான் ஒருத்திதான். அவளே என்னிடம் சொல்லியிருந்தாள், நான்தான் காதில் வாங்கியும் மண்டையில் ஏற்றவில்லை.

அடுத்த நாளே எனக்குக் காஞ்சிபுரத்தில் திருவிழா பந்தோபஸ்து போட்டார்கள். வியாழக்கிழமை மத்தியானம் ஸ்டேஷனுக்குத் திரும்பினேன். ஏட்டையா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அந்தப் பெண் இரண்டு தடவை என்னைத் தேடி வந்து போயிருக்கிறாள். திங்கட்கிழமை காலையிலேயே ரூமைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவள் போகாவிட்டால் ஐந்து பேரும் போக வேண்டும் என்று சொன்னதால் கூட இருந்த பெண்கள் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். வேறு இரண்டு லைன் வீடுகளில் கேட்டிருக்கிறாள். போலீஸ் விவகாரம் இருக்கிற பெண்ணுக்கு ரூம் கிடையாது என்றிருக்கிறார்கள். எனக்குப் போன் போட்டிருக்கலாமே என்று ஏட்டையாவிடம் கத்தினேன். "போட்டேன் மேடம். பந்தோபஸ்துல கீறேன், அப்பறம் பேசறேன்னு வெச்சிட்டீங்க" என்றார். ஆமாம், வைத்தேன்.

உடனே தலைவருக்குப் போன் செய்தேன். குரலில் தேன் ஒழுகியது.

"ஐயோ, இன்னா மேடம் நீங்க. நாங்க போயி அந்தப் பொண்ண தொரத்துவமா? வூட்டுக்காரரு பயந்துட்டாரு, அவ்ளோதான். நல்லதுக்குத்தான் அவங்க அப்பாவுக்கே ஒரு வார்த்த சொல்லிட்டோம். நாளைக்குக் காலைல வந்துடுவாரு."

"அவங்க அப்பா நம்பர் உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?"

"நீங்க குடுத்த பாரத்துலதான் கீதே மேடம்."

அந்தக் கட்டத்தைப் போட்டது யார்? அந்த நம்பரை என்னிடமும் சொல்லுங்கள் என்று கேட்டு வாங்கினேன். அப்பா இன்னும் பஸ் ஏறியிருக்க மாட்டார். ஒரு போன் போட்டு, உங்கள் பெண் மேல் எந்தத் தப்பும் இல்லை, அவள் தைரியமாகப் புகார் கொடுத்தவள் என்று சொல்லிவிட வேண்டும். நம்பரை செல்போனில் பதிந்தேன். சாயங்காலம் பேசலாம் என்று நினைத்தேன். நேரில் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று பிறகு நினைத்தேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தள்ளிப்போட்டேன் என்பதே நிஜம். மேலிடத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயமும் இருந்தது.

அந்த வண்டிக்காரன் யார் என்பதையும் ஏட்டையாதான் சொன்னார். தலைவருடைய தங்கை மகன். கடைசி இரண்டு இலக்கத்தை வைத்து அவர் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார். என்னிடம் சொல்ல வந்திருக்கிறார். நான் வள்ளென்று விழுந்த நாள் அதுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் தலைவர் எனக்கு முன்பே ஸ்டேஷனுக்கு வந்து, என் மேஜைக்கு எதிர் நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். வேறு ஏதோ வேலையாக வந்த மாதிரி பேசினார். பத்து மணிக்கு அவளும் அப்பாவும் வந்தார்கள். அவள் கையில் இரண்டு பை. ஒன்றில் புத்தகங்கள் முனை நீட்டிக்கொண்டிருந்தன. ஊருக்குப் போகிற வழியில் ஸ்டேஷனுக்குப் போயே ஆக வேண்டும் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்து அழைத்து வந்திருக்கிறாள். எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவிடம் நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று நம்பி வந்தாள்.

அப்பா மெலிந்த மனிதர், தோளில் துண்டு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"எம் புள்ள என்ன தப்பு பண்ணிச்சு மேடம்? போலீசு பொட்டியில அது சங்கதி வந்திருக்குன்னு போன்ல சொன்னாவளே."

ஐந்தே வாக்கியம் போதும். உங்கள் பெண் தப்பு செய்யவில்லை. ஒருவன் இவளைத் தொந்தரவு செய்தான். இவள் என்னை நம்பி எழுதிக் கொடுத்தாள். ஊர் முன்னால் சொல்லிக் காட்டிக்கொடுத்தது நான். அந்தப் பையனின் மாமா இதோ உட்கார்ந்திருக்கிறார். நான் வாயைத் திறந்தேன். தலைவர் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மிரட்டவெல்லாம் இல்லை, சும்மா பார்த்தார். டி.எஸ்.பி.யோடு அவர் சிரித்துக்கொண்டு நின்ற போட்டோ என் தலைக்கு மேல் சுவரில் மாட்டியிருந்தது.

"பெரிசா ஒண்ணும் இல்லீங்க. பொம்பளப் புள்ளைங்க பாதுகாப்புக்காகப் பேசினது. கொஞ்ச நாள் வீட்ல இருந்துட்டு வரட்டும்" என்றேன்.

இதைச் சொன்னது வேறு யாரோ இல்லை, நான்தான். இருபது வருஷத்துக்கு மேல் காக்கி போட்டவள். என் வாயிலிருந்துதான் வந்தது. அப்பா தலையை ஆட்டினார். பெரிதாக ஒன்றும் இல்லை என்று போலீஸ் சொன்னால் ஏதோ இருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். மகளைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தார். அவள் பைகளை எடுத்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். திட்டினால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"நீங்க சொன்ன மாதிரி பேரு வெளிய வரல மேடம்" என்றாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. செங்கல்பட்டுப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அப்பா கூப்பிட்டார், போய்விட்டாள்.

பிறகு அந்தப் பையனைக் கூப்பிட்டு எச்சரித்து அனுப்பினேன். புகார் கொடுத்தவர் ஊரில் இல்லை என்று எழுதிப் பேப்பரை மூடினேன். எழுதும்போது ஏட்டையா பேனாவை நீட்டினார். ரிட்டயர் ஆகும்வரை அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியைப் பற்றிக் கிண்டல் செய்வதையும் விட்டுவிட்டார். பெட்டி அதற்குப் பிறகும் ஒரு வருஷம் அங்கே தொங்கியது. நானும் வாராவாரம் திறந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்கள் என்னைப் பார்த்ததும் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கமாக நடப்பார்கள்.

உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது? பெயரைச் சொல்லாமல் விட்டால் ஆளைக் காப்பாற்றியதாக நினைக்காதீர்கள். உங்கள் எல்லையில் ஒரு ஆளை எதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எங்களுக்கு அது பஸ்ஸும் ஷிஃப்ட்டும், உங்களுக்கு வேறாக இருக்கலாம். கூட்டம் போட்டால், வந்தவர்களை எண்ணிச் சந்தோஷப்படாதீர்கள், வராதது யார் என்று பாருங்கள். ரைட்டர் சொன்னால் கேளுங்கள். இவையெல்லாம் கற்றுக்கொண்டால் வந்துவிடும். தப்பு செய்த பிறகு, அந்த ஐந்து வாக்கியத்தை ஆள் எதிரில் நிற்கும்போதே சொல்கிற தைரியத்தை யாரும் பயிற்சியில் சொல்லித்தர மாட்டார்கள். எனக்கு அது வரவில்லை, அதனால் எப்படி வரும் என்று என்னால் சொல்ல முடியாது.

அந்த நம்பர் இன்னும் என் செல்போனில் இருக்கிறது. போன மாதம் ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு போன் போட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தார். "யாரு பேசுதீய?" என்றார், அதே குரல். தாளைப் பார்த்தேன். முதல் வரியில் என் பெயரையும் ஸ்டேஷன் பெயரையும் எழுதியிருந்தேன். அவருக்குப் பின்னால் ஒரு பெண் குரல், "யாருப்பா போன்ல?" என்று கேட்டது. எனக்கு அடையாளம் தெரிந்தது.

"ராங் நம்பருங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என் பேரும் வெளியே வரவில்லை.